கதவைத் திறந்து வைத்திருப்போர்: மிகையுணவு நோயும் நம் மஹல்லாக்களின் கடமையும்



விருந்தினரை வயிறு நிறைய உண்ண வைக்காமல் அனுப்புவது நம் குடும்பங்களில் ஒரு குறையாகவே கருதப்படுகிறது. வலீமாவில் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்கிறோம். ரமளானில் நோன்புக் கஞ்சியை அண்டை வீட்டாருக்கும் கொடுத்தனுப்புகிறோம். இவை நல்ல பழக்கங்கள். அல்லாஹ் இவற்றை நம்மிடம் நிலைக்கச் செய்வானாக. ஆனால் அதே வீட்டில், எல்லோரும் உறங்கிய பின்னர், சமையலறையின் விளக்கைக்கூடப் போடாமல் நின்றபடியே மீந்த உணவை உண்டு முடிக்கும் ஒருவரும் இருக்கக்கூடும். அவர் பசிக்காக உண்ணவில்லை, சுவைக்காகவும் உண்ணவில்லை. நிறுத்த வேண்டும் என்று எண்ணியபடியே, நிறுத்த இயலாமல் உண்கிறார். காலையில் பாத்திரம் காலியாக இருப்பதற்கு ஒரு பொய்யையும் தயாராக வைத்திருக்கிறார்.

இத்தகையவரிடம் நாம் என்ன சொல்கிறோம்? "நஃப்ஸைக் கட்டுப்படுத்துங்கள்" என்கிறோம். திருமண வீட்டில் அவருடைய உடலைப் பற்றி நகைச்சுவை பேசுகிறோம். பிறகு அவருடைய தட்டில் நாமே இன்னொரு கரண்டி பிரியாணியை வைக்கிறோம். இந்த மூன்றையும் நாம் செய்திருக்கிறோம். ஒப்புக்கொள்வதில் தயக்கம் வேண்டியதில்லை.

அளவோடு உண்ணுதல் பற்றி நம் மார்க்கம் கூறியிருப்பது எவருக்கும் தெரியாததன்று. திருக்குர்ஆனின் 7ஆம் அத்தியாயம் 31ஆம் வசனம் உண்ணவும் பருகவும் அனுமதித்து, வரம்பு மீறுவதைத் தடுக்கிறது. வயிற்றை மூன்று பங்காக்கி, உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் இடம் விடுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி திர்மிதீயில் இடம்பெற்றுள்ளது. இவற்றை இருளில் நின்று உண்ணும் அந்தச் சகோதரரும் சகோதரியும் மனப்பாடமாகவே அறிவர். அறியாமையால் அவர்கள் உண்ணவில்லை என்பதே இங்குக் கவனிக்க வேண்டிய செய்தி. கட்டுப்பாடிழந்து பெருமளவு உண்ணும் நிலையை அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட தன் நோய் வகைப்பாட்டு நூலில் தனியொரு நோயாகவே சேர்த்தது. நோயாளிக்கு அறிவுரை மட்டும் போதாது. மருத்துவர் தேவை, அத்துடன் அதே நோயைக் கடந்து வந்தவர்களின் துணையும் தேவை. அந்தத் துணை ஓரிடத்தில் எவ்வாறு ஆண்டுக்கணக்கில் நிலைத்திருக்கிறது என்பதைப் பற்றியே இங்கு எழுத விழைகிறோம்.

மூன்று பெண்களின் முதல் கூட்டம்

1958இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் ரோசன் எஸ். என்னும் பெண்மணி, சூதாட்டப் பழக்கத்திலிருந்து மீள முயல்வோர் நடத்திய கூட்டமொன்றுக்கு நண்பர் ஒருவருக்குத் துணையாகச் சென்றார். அங்குப் பேசியவர்கள் சூதாட்டத்தைப் பற்றிச் சொன்ன ஒவ்வொன்றும், உணவைப் பொறுத்தவரை தம்முடைய கதையாகவே இருப்பதை அவர் உணர்ந்தார். 1960 ஜனவரியில் மூன்று பெண்கள் கூடி முதல் கூட்டத்தை நடத்தினர். 'ஓவர்ஈட்டர்ஸ் அனானிமஸ்' என்னும் இயக்கம் அவ்வாறு பிறந்தது. 1935இல் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் மதுவிலிருந்து மீள்வோருக்காகத் தொடங்கப்பட்ட 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' வகுத்த பன்னிரண்டு படிகளையும் பன்னிரண்டு மரபுகளையும் இவர்கள் உணவுக்குப் பொருத்திக்கொண்டனர்.

கூட்டத்தில் நடப்பது மிக எளிமையானது. கட்டணம் இல்லை. எவரும் எவரையும் எடை பார்ப்பதில்லை. உணவுப் பட்டியல் எதுவும் திணிக்கப்படுவதில்லை. அவரவர் உண்ணும் முறையை அவரவரே, தேவையெனில் மருத்துவரின் ஆலோசனையோடு, வகுத்துக்கொள்கின்றனர். கட்டுப்பாடின்றி உண்பதை நிறுத்த வேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்கான தகுதி. ஒருவர் தம் நிலையைச் சொல்கிறார். மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்கின்றனர். பல காலம் நிதானத்தில் நிற்பவர் புதிதாக வந்தவருக்கு வழித்துணையாகிறார். முழுப்பெயர் கேட்கப்படுவதில்லை, அங்குக் கேட்டது வெளியே செல்வதில்லை.

யாருக்கும் தெரியாத வேலை

இக்குழுக்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மேற்சொன்ன கூட்டத்தைப் பற்றியே பேசுவர். ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு, பல நாள் தயக்கத்துக்குப் பின் ஒருவர் துணிந்து வரும்போது அந்தக் கதவு திறந்திருக்க வேண்டுமே! அவருக்குக் கிடைத்த முகவரி சரியானதாக இருக்க வேண்டுமே! வந்தவர் பூட்டிய கதவைக் கண்டு திரும்பினால், இன்னோர் ஆண்டு கழித்தும் அவர் மீண்டும் வராமல் போகலாம். அந்தக் கதவைத் திறந்து வைத்திருப்பதற்காகவே ஏற்பட்டவை வட்டாரச் சேவை வாரியங்கள். அவர்களுடைய வழக்கில் இதன் பெயர் 'இன்டர்குரூப்'.

அதன் அமைப்பு இவ்வாறு: ஒரு வட்டாரத்திலுள்ள இரண்டோ அதற்கு மேற்பட்டோ குழுக்கள் சேர்ந்து ஒரு வாரியத்தை அமைக்கலாம். ஒவ்வொரு குழுவும் தன் சார்பில் ஒரு பிரதிநிதியை அனுப்புகிறது. அவர்களிலிருந்து தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். குறிப்பிட்ட காலம் முடிந்ததும் பொறுப்பு அடுத்தவருக்குச் செல்கிறது. அவர்கள் அனைவரும் அதே நோயிலிருந்து மீண்டுகொண்டிருப்பவர்களே.

அவர்கள் செய்யும் வேலைகளைப் பார்த்தால் அவற்றில் பெருமை கொள்ள ஒன்றுமே இராது. எந்தக் குழு எந்த நாளில், எந்த இடத்தில் கூடுகிறது என்னும் பட்டியலைப் பிழையின்றி வைத்திருக்கின்றனர். ஒரு தொலைபேசி எண்ணைப் பராமரித்து, அழைப்பவருக்குப் பதில் சொல்கின்றனர். நூல்களையும் கையேடுகளையும் வாங்கிக் குழுக்களுக்குக் கிடைக்கச் செய்கின்றனர். புதிய குழு தொடங்க விரும்புவோருக்கு நடைமுறையைச் சொல்லிக்கொடுக்கின்றனர். இரண்டு பேராகச் சுருங்கிவிட்ட குழுவுக்குப் பிற குழுக்களிலிருந்து ஆட்கள் சென்று அமர ஏற்பாடு செய்கின்றனர். மருத்துவர்களுக்கும் மனநல ஆலோசகர்களுக்கும் இப்படியொரு துணை உண்டென்று அறிவிக்கின்றனர். ஆண்டில் சில முறை பயிலரங்குகளையும் ஒன்றுகூடல்களையும் நடத்துகின்றனர். ஒரு குழுவால் தனித்துச் செய்ய இயலாத, ஆனால் எவரேனும் செய்தே ஆக வேண்டிய வேலைகள் இவை.

இதில் நம்மை வியக்க வைப்பது வேறொன்று. இவ்வளவு வேலைகளைச் செய்யும் வாரியத்துக்குக் குழுக்களின் மீது அதிகாரம் கிடையாது. ஒன்பதாம் மரபு, வாரியங்கள் தாம் யாருக்குச் சேவை செய்கின்றனவோ அவர்களுக்கே பொறுப்புடையவை என்று வரையறுக்கிறது. இரண்டாம் மரபு, பொறுப்பாளர்கள் நம்பிக்கைக்குரிய பணியாளர்களே, ஆட்சியாளர்கள் அல்லர் என்கிறது. எந்தக் குழுவும் தன் கூட்டத்தை எவ்வாறு நடத்துவது என்பதை, பிற குழுக்களையோ இயக்கம் முழுவதையுமோ பாதிக்காத வரையில், தானே முடிவு செய்துகொள்ளும். அமைப்பின் படத்தை வரைந்தால் சாதாரண உறுப்பினர் மேலே இருப்பார்; வட்டார வாரியம் அவருக்குக் கீழே தாங்கி நிற்கும்; நியூ மெக்சிகோ மாநிலத்தின் ரியோ ராஞ்சோவிலுள்ள உலகச் சேவை அலுவலகம் இன்னும் கீழே இருக்கும்.

பணத்திலும் இதே ஒழுங்குதான். ஏழாம் மரபின்படி வெளியார் நன்கொடையை அவர்கள் ஏற்பதில்லை. கூட்டத்தில் உறுப்பினர்கள் விரும்பி இடும் சிறு தொகையிலிருந்து அறை வாடகை செலுத்தி, நூல்கள் வாங்கி, அவசரத் தேவைக்குச் சிறிது ஒதுக்கி, மீதியை வட்டார வாரியத்துக்கும் அதற்கு அப்பாலுள்ள அமைப்புகளுக்கும் அனுப்புகின்றனர். பெரும் செல்வந்தர் ஒருவர் வந்து எல்லாச் செலவையும் ஏற்கிறேன் என்றாலும் மறுத்துவிடுவர். பணம் கொடுத்தவரின் குரல் கூட்டத்தில் உயர்ந்துவிடும்; அந்தக் குரலுக்கு முன் மெலிந்த குரலில் பேச வந்தவர் வாய் மூடிவிடுவார் என்பதே அதன் பொருள்.

இந்த வாரியங்களில் குறையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. தன்னார்வலர்களால் நடக்கும் எந்த அமைப்புக்கும் உள்ள சோர்வு இவற்றுக்கும் உண்டு. பொறுப்பேற்க ஆளின்றி இடங்கள் காலியாகக் கிடக்கும். ஒருவரே பல சுமைகளைத் தூக்கிக் களைத்துப்போவார். இக்கூட்டங்களுக்கு வரும் எல்லோரும் மீண்டுவிடுகின்றனர் என்பதும் இல்லை. ஆயினும் மூன்று பெண்களோடு தொடங்கிய ஒன்று அறுபது ஆண்டுகளைக் கடந்தும் பல நாடுகளில் உயிரோடிருப்பதற்கு, தொடங்கியவரின் ஆர்வம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. பட்டியலைத் திருத்தியவர்களும் தொலைபேசியை எடுத்தவர்களுமே காரணம். குறைவாயினும் இடைவிடாது செய்யப்படும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை இங்கு நினைவுகூர்வது பொருத்தமாகும்.

நம் மனத்தில் எழும் ஐயங்கள்

மேலை நாடுகளில் வாழும் நம் குடும்பங்களுக்கு இத்தகைய கூட்டத்துக்குச் செல்ல வாய்ப்பு உண்டு. தொலைபேசி வழியாகவும் இணைய வழியாகவும் கூட்டங்கள் நடப்பதால் இங்கிருப்போருக்கும் அது எட்டாததன்று. ஆனால் நம்மில் பலருக்குச் சில ஐயங்கள் எழும். அவை நியாயமானவையே.

முதலாவது, இது பிற மதத்தின் வழிபாடோ என்பது. மேலை நாடுகளில் பல கூட்டங்கள் தேவாலயங்களுக்குச் சொந்தமான அறைகளில் நடப்பது உண்மை. அது வாடகைக்கு எடுத்த இடம். அந்த இயக்கம் எந்தச் சமயத்தையும் சார்ந்ததன்று. தன் ஆற்றலால் இயலவில்லை என ஒப்புக்கொண்டு தன்னைவிட மேலான ஆற்றலிடம் உதவி தேடுவது அப்படிகளின் சாரம். அந்த ஆற்றல் எது என்பதை அவர்கள் வரையறுப்பதில்லை. நமக்கு அதில் குழப்பம் இல்லை. உதவி தேடுவதற்குரியவன் அல்லாஹ் ஒருவனே. போதைப் பழக்கங்களிலிருந்து மீள விரும்பிய முஸ்லிம்கள் 1989இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 'மில்லத்தி இஸ்லாமி' என்னும் அமைப்பை ஏற்படுத்தி, பன்னிரண்டு படிகளை இஸ்லாமிய நம்பிக்கைக்கு ஏற்ப அமைத்துக்கொண்டனர் என்பதும் இங்கு அறியத்தக்கது. இணைவைப்புக்கு இட்டுச்செல்லும் சொற்களோ சடங்குகளோ ஒரு கூட்டத்தில் இருப்பின் அதில் பங்கேற்காமல் இருக்கும் உரிமை நமக்கு எப்போதும் உண்டு.

இரண்டாவது ஐயம் இன்னும் ஆழமானது. இரவில் செய்த தவற்றை அல்லாஹ் மறைத்திருக்க, காலையில் தானே அதை வெளிப்படுத்துபவனை நபி (ஸல்) அவர்கள் கண்டித்துள்ளார்கள். அவ்வாறிருக்கத் தன் குறையைப் பிறர் முன் சொல்வது முறையா? அக்கண்டனம், பாவத்தைப் பொருட்படுத்தாமல் பறைசாற்றுபவனைக் குறித்தது என்றே நாம் விளங்குகிறோம். மருத்துவரிடம் நோயைச் சொல்வதும் ஆலிமிடம் தீர்வு கேட்டுத் தன் நிலையை விளக்குவதும் தடுக்கப்பட்டவையல்ல. அடக்க இயலாமல் உண்பதைச் சொல்லி உதவி கேட்பவர் நோயைச் சொல்பவரே. இதில் உறுத்தல் இருப்பவர் தாம் நம்பும் ஆலிம் ஒருவரிடம் கலந்துகொள்ளட்டும். தேவைக்கு மேல் ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, ஆண்களும் பெண்களும் கலந்து அமர்வது. பெண்களை மையமாகக் கொண்ட, ஆண்களை மையமாகக் கொண்ட கூட்டங்களை நடத்த அந்த இயக்கத்தில் இடமுண்டு. எங்கு அவ்வாறு நடக்கிறது என்பதைச் சொல்வதும், இல்லாவிடில் தொடங்க உதவுவதும் முன்னர்க் கூறிய வட்டார வாரியத்தின் வேலைதான்.

மஹல்லா என்ன செய்யலாம்?

நம் ஊர்களில் ஜமாஅத்துகள் உள்ளன, பைத்துல்மால் உள்ளது, மண்டபமும் மதரஸாவும் உள்ளன. ஆட்களைத் திரட்டுவதில் நாம் எவருக்கும் குறைந்தவர்களல்லர். வெள்ளம் வந்தபோதும் பெருந்தொற்று வந்தபோதும் நம் இளைஞர்கள் செய்த பணியை ஊரே கண்டது. ஆயினும் யாரும் பார்க்காத, ஒவ்வொரு வாரமும் செய்ய வேண்டிய சிறு வேலைக்கு நம்மிடம் ஆள் கிடைப்பது அரிது. ஒரு நற்பணி தொடங்கினால் முதலில் பதாகை அச்சாகிறது. அதில் யாருடைய படம் பெரிது என்னும் பேச்சு எழுகிறது. பொறுப்பைக் கேட்ட அபூதர் (ரலி) அவர்களிடம், அது ஓர் அமானிதம் என்றும், உரிய முறையில் நிறைவேற்றாதவருக்கு மறுமையில் இழிவாகவும் வருத்தமாகவும் அமையும் என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாம் ஜுமுஆவில் கேட்கிறோம். நிர்வாகத் தேர்தலில் மறந்துவிடுகிறோம்.

நாம் கோருவது பெரிய திட்டம் ஒன்றையும் அன்று. மதரஸாவில் வகுப்பு முடிந்த பின் ஓர் அறையை வாரம் ஒரு மணி நேரம் திறந்து கொடுங்கள். பெண்களுக்கு வேறொரு நாளை ஒதுக்குங்கள். அவர்கள் வந்து போகும் வழி தேநீர்க்கடைக்கு எதிரே இல்லாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இயக்கத்தின் மரபின்படி நடக்கும் குழுவாயின் அறையை இலவசமாகத் தராமல் சிறு வாடகை பெற்றுக்கொள்ளுங்கள். யாருக்கும் கடன்படாமல் அவர்கள் அமரட்டும். உள்ளே என்ன பேசப்பட்டது என்று கேட்காதீர்கள். யார் வந்தார்கள் என்று பார்க்காதீர்கள். அங்கு பயான் செய்ய ஒருவரை அனுப்பாதீர்கள். அவர்கள் கேட்டால் மட்டும் ஹஜ்ரத் செல்லட்டும். ஊரிலுள்ள மருத்துவர்களுக்கு அந்த நாளையும் நேரத்தையும் தெரிவியுங்கள். நாளோ நேரமோ மாறினால் அன்றைக்கே அறிவிப்பைத் திருத்துங்கள்.

எல்லாவற்றையும்விட முதன்மையானது இரகசியம் காத்தல். ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தால், அச்செய்தி அமானிதமாகிவிடுகிறது என்பது அபூதாவூதிலும் திர்மிதீயிலும் பதிவாகியுள்ள நபிமொழி. "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று அவர் வாய்திறந்து கேட்கவும் வேண்டியதில்லை. அவர் திரும்பிப் பார்த்ததே போதும். நம் சிற்றூர்களில் ஒருவருடைய நோய் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் மூன்று தெருக்களைச் சுற்றிவிடுகிறது. மகளின் திருமணப் பேச்சு வரை அது பின்தொடரும் என்று அஞ்சியே பல தாய்மார் வாய் திறப்பதில்லை. இந்த ஒன்றைத் திருத்தாமல் நாம் எத்தனை அறைகளைத் திறந்தாலும் எவரும் வரமாட்டார்.

ஒரு கிளையூரில் இருவரே இருந்தால் குழு நடக்குமா என்று கேட்கலாம். இருவர் இருந்தாலே குழுதான் என்கிறது அந்த இயக்கம். மேலும், ஒரே வட்டாரத்தில் இல்லாவிடினும் ஒரே மொழி பேசும் குழுக்கள் சேர்ந்து மொழிவாரிச் சேவை வாரியம் அமைக்கவும் அவர்கள் இடம் வைத்திருக்கின்றனர். சென்னையிலும் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வாழும் தமிழ் பேசும் நம் குடும்பங்களுக்கு இது சிந்திக்கத்தக்க வழியாகும். தம் துயரைத் தாய்மொழியில் சொல்ல முடிவதே பாதி ஆறுதல் அன்றோ!

ரமளான் மாதத்தைப் பற்றியும் ஒரு சொல். நோன்பு இந்நோயைத் தானாகவே நீக்கிவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். பகலெல்லாம் அடக்கியிருந்து, இஃப்தாருக்கும் சஹருக்கும் இடையில் கட்டிழந்து உண்டு, அதற்காகத் தம்மையே வெறுக்கும் சகோதர சகோதரிகள் நம்மிடையே இருக்கக்கூடும். நீரிழிவும் சேர்ந்திருப்பின் அவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே ஆலோசனை பெறுவது இன்றியமையாதது. எந்தக் குழுவும் மருத்துவத்துக்கு மாற்றாகாது. அந்த இரவுகளில், தராவீஹ் முடிந்து வீடு திரும்பும் வேளையில், "நான் இருக்கிறேன், பேசுங்கள்" என்று சொல்ல ஒரு தொலைபேசிக் குரல் இருந்தால் அது எத்துணை பெரிய உதவி!

நன்மையிலும் இறையச்சத்திலும் ஒருவருக்கொருவர் உதவுமாறு திருக்குர்ஆன் 5ஆம் அத்தியாயத்தின் 2ஆம் வசனத்தில் நமக்குக் கட்டளையிடுகிறது. உங்கள் மஹல்லாவின் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக முன்வையுங்கள். அறையின் சாவியை யார் வைத்திருப்பது, நேரத்தை யார் அறிவிப்பது, அழைப்பை யார் எடுப்பது என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்தால் தொடங்கிவிடலாம். அதுவரை, இன்று இரவு உணவின்போது உங்கள் வீட்டில் ஒருவர் "போதும்" என்று சொன்னால், கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள்.

பிறர் குறையை மறைப்போரின் குறைகளை மறைப்பவனாகிய வல்ல அல்லாஹ், நம் நோயாளிகளுக்கு நற்சுகத்தையும், அவர்களுக்குப் பணி செய்வோருக்கு மனத்தூய்மையையும் நிலைத்த உறுதியையும் வழங்குவானாக. ஆமீன்.